கடைசித் தாளில் ஒரு கசிவு

திருடு போன பொருள் திரும்பி வந்துவிட்டது என்பதுதான் புகார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றான் ரேடியோ. "சனிக்கிழமை காணாமப் போச்சு. சரி. திங்கட்கிழமை வந்துடுச்சு. அதுவும் சரி. அப்புறம் நாங்க எதுக்கு? மாலை போட்டு வரவேற்கவா?"

எதிர் நாற்காலியில் இருந்த டெய்லரம்மா சிரிக்கவில்லை. ஐம்பது வயது இருக்கும். வலது கை ஆள்காட்டி விரல் நுனி முழுக்க ஊசி குத்திய தழும்புகள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் வாரை முறுக்கியபடியே இருந்தாள்.

"அவன் அப்படித்தான். பள்ளிக்கூடத்துலேயே ரேடியோன்னு பேர் வெச்சுட்டாங்க. திருகினா நிக்காது," என்றார் மேடம். "நீங்க சொல்லுங்க."

மேடம் பதினெட்டு வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளை முகர்ந்து கண்டுபிடித்தவர். வேலையை விட்டு, ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்து ஆறு வருஷமாகிறது. அதில் ஐந்து வருஷமாக ரேடியோ அவருக்கு உதவியாளன். அதாவது வண்டி ஓட்டுபவன், டீ வாங்குபவன், கேட்காத கருத்தைச் சொல்பவன்.

டெய்லரம்மா சொன்னாள். ஊருக்கு வெளியே பழைய விமானத் தளம். அங்கே ஒரு தகரக் கொட்டகை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சதுப்பில் விழுந்து புதைந்துபோன சின்ன விமானம் ஒன்றைப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சிலர் தோண்டி எடுத்தார்கள். சம்பளம் இல்லாமல், லீவு நாளெல்லாம் அங்கேயே கிடந்து, அதைத் திரும்ப உருவாக்கி வருகிறார்கள். அந்தக் காலத்து ஆட்களைத் தேடிப் போய் அவர்கள் சொல்வதைக் கேசட்டில் பதிவும் செய்கிறார்கள்.

"நான் இறக்கை தைக்கிறேன்," என்றாள்.

"இறக்கைக்குத் தையலா? ஜாக்கெட்டா போடறீங்க?"

"அது மரச்சட்டம்தான் தம்பி. மேல துணியை இழுத்துத் தைச்சு, ஒரு மாதிரி வார்னிஷ் பூசுவோம். காஞ்சா முரசு மாதிரி விறைச்சுக்கும்."

காணாமல் போனது அந்த விமானத்தின் பராமரிப்பு ஏடு. ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்னும் மெக்கானிக் சோதித்து எழுதி வைத்த புத்தகம். விபத்து நடந்தபோது அதைத் தேடியும் கிடைக்கவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் பழைய ஸ்டோரை இடித்தபோதுதான், அலமாரிக்குப் பின்னால் கிடந்தது தெரிந்தது. கடைசித் தாள் மட்டும் எண்ணெயில் ஊறி அட்டையோடு ஒட்டியிருந்தது. விமானி இறந்த நாளின் தாள் அது. எச்சரிக்கையாகப் பிரிக்க வேண்டும் என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

"திங்கட்கிழமை அது திரும்பி வந்தப்ப தாள் பிரிஞ்சு இருந்தது. 'சோதித்தேன், கசிவு இல்லை'ன்னு மெக்கானிக் கையெழுத்துப் போட்டிருக்குன்னு எங்க தலைவர் படிச்சுச் சொன்னார். எரிபொருள் கசிஞ்சு இன்ஜின் நின்னுதான் விமானம் விழுந்தது. அதனால, அவன் ஒழுங்காப் பார்க்காம பொய் எழுதினான்னு முடிவாயிடுச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை திறக்கப்போற கல்வெட்டுலயும் அப்படியே செதுக்கப் போறாங்க."

"இதுல உங்க கவலை என்ன?" என்றார் மேடம்.

"அந்தத் தாளை ஏட்டோட சேர்த்துத் தைச்சிருக்கற நூல் என்னோடது. மெழுகு தடவின இறக்கை நூல். இதுவரைக்கும் யாரும் கவனிக்கல. கவனிச்சா என் தலைதான் உருளும்."

அவள் படியிறங்கிப் போனதும் ரேடியோ ஜன்னல் வழியாகப் பார்த்தான். "எப்படி மேடம்?"

"சொன்னதெல்லாம் உண்மை. சொல்லாதது ஒண்ணு இருக்கு. நீ அதைத் தேடு."

*

கொட்டகைக்குள் வார்னிஷ் வாடை மூக்கைத் துளைத்தது. நடுவில் விமானம், தோலுரித்த மீன் மாதிரி, ஒரு பக்கம் துணியும் மறுபக்கம் எலும்புமாக நின்றது. சுவரோரம் மேஜைகளில் துருப்பிடித்த இரும்புத் துண்டுகள் வரிசையாகக் கிடந்தன. ரேடியோ ஒரு போல்ட்டைக் கையில் எடுத்தான்.

"அதை வெச்ச இடத்துலேயே வையுங்க!"

குரலிலேயே பிரம்பு இருந்தது. ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர், தொண்டர்களின் தலைவர். எழுபதை நெருங்கும் வயதிலும் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை.

"அது எண்பத்தெட்டாம் எண். இங்க இருக்கற ஒவ்வொரு ஆணிக்கும் எண் உண்டு. பன்னிரண்டு வருஷத்துல நான் எதையும் தூக்கிப் போட்டது கிடையாது, பதிவேட்டுல ஏத்தாமலும் விட்டது கிடையாது."

"நல்லவேளை, நான் இங்க பொறக்கல," என்று முணுமுணுத்தான் ரேடியோ.

மேடம் காட்சிப் பொருட்களுக்கான இன்ஷூரன்ஸ் பற்றிப் பேச வந்திருப்பதாகச் சொன்னார். பாதி உண்மைதான்; பழைய கம்பெனியின் அட்டை இன்னும் பையில் இருந்தது. ஹெட்மாஸ்டர் முகம் மலர்ந்து எல்லாவற்றையும் காட்டினார். விமானியின் படத்துக்கு முன்னால் வந்ததும் தன்னையறியாமல் நிமிர்ந்து நின்றார். இருபத்து மூன்று வயது முகம். தொப்பி சற்றே சாய்ந்து, ஏதோ நகைச்சுவையைச் சொல்லப்போகிற மாதிரி வாய்.

"நான் பள்ளிக்கூடம் போகும்போது எங்க தெருவுக்கு மேலேதான் பறப்பார். தாழப் பறந்து கையை ஆட்டுவார். எங்களுக்கெல்லாம் அவர்தான் எல்லாமே. ஒரு சோம்பேறி மெக்கானிக்கால போச்சு."

"மெக்கானிக் என்ன ஆனார்?"

"வேலையை விட்டுத் துரத்திட்டாங்க. அப்புறம் ஊரை விட்டே போயிட்டானாம். இப்ப உயிரோட இருக்க வாய்ப்பில்லை."

பராமரிப்பு ஏட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். மேடம் தையலைத்தான் முதலில் பார்த்தார். பிறகு கடைசித் தாளைச் சத்தமாகப் படித்தார்: "'வலப்பக்க எரிபொருள் குழாய் சோதித்தேன். கசிவு இல்லை. பறக்கலாம்.'"

"போதுமான சாட்சி இல்லையா?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"தாராளமா. இதை யார் எடுத்தாங்கன்னு விசாரிச்சீங்களா?"

"திரும்பி வந்துடுச்சே. நாலு பேர் சேர்ந்து வேலை செய்யற இடம். கிளறினா சந்தேகம்தான் மிஞ்சும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

*

கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் மேடம் இரண்டாவது டீயை முடித்தபோது ரேடியோ ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். முகம் பரீட்சையில் பாஸான பையன் மாதிரி இருந்தது.

"கேஸ் முடிஞ்சுது மேடம். தொண்டர்கள் பட்டியல்ல டெய்லரம்மா விலாசம் இருந்தது. போய்ப் பார்த்தேன். வாசல்ல ஒரு பெரியவர் உட்கார்ந்து தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டு இருந்தார். பக்கத்து வீட்டு அம்மாகிட்ட மெல்ல வாயைக் கிண்டினேன். அவர் யாருங்கறீங்க?"

"சொல்லு."

"போர்க்காலத்துல விமான மெக்கானிக். நம்ம மெக்கானிக்! டெய்லரம்மா அவரோட ஒரே பொண்ணு. ஆறு வருஷத்துக்கு முன்னால அப்பாவோட இந்த ஊருக்குத் திரும்பி வந்து, அப்போலேருந்து இங்க இறக்கை தைக்கிறா, ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. நூல் அவளோடது. ஆளும் அவளோடது. பிடிச்சுடலாமா?"

"பிடிச்சு?"

"அப்பாவைக் காப்பாத்த ஏட்டைத் திருடினா, தாளை மாத்தினா…" ரேடியோ நிறுத்தினான். அவன் வாய் தானாக நிற்பது அபூர்வம். "மாத்தி… அப்பா பொய் எழுதினார்னு எழுதுவாளா?"

"அதுதான்டா. பெத்த அப்பன் கழுத்துக்குத் தானே கயிறு திரிப்பாளா? இன்னொண்ணு, அந்தத் தையலைப் பார்த்தியா? ஒரு புள்ளி மேல, ஒரு புள்ளி கீழ, பாதியில முடிச்சு. கந்தல் மூட்டை கட்டற மாதிரி. அவ தூக்கத்துல தைச்சாக்கூட அப்படி வராது. நூல் அவளோடது, கை அவளோடது இல்ல."

"அப்ப லேத்து. சத்தியமா லேத்துதான்."

லேத்து என்பது இன்ஜின் வேலை பார்க்கும் தொண்டரின் பட்டப்பெயர். காலையிலிருந்து விமானத்தின் மூக்குக்குள் தலையை விட்டுக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் உறுமிக்கொண்டிருந்த ஆள். சனிக்கிழமை சீக்கிரமே கிளம்பிப் போனவனும் அவன்தான்.

"அவன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்கணும்," என்று எழுந்தார் மேடம்.

*

"சனிக்கிழமை பல் பிடுங்கப் போனேன்," என்றான் லேத்து. கடைவாயைத் திறந்து ஓட்டையைக் காட்டினான். "இதுக்கும் இன்ஷூரன்ஸ் உண்டா?"

"இல்ல. எனக்கு வலப்பக்க எரிபொருள் குழாயைக் காட்டுங்க."

லேத்து கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு இருவரையும் ஏற இறங்கப் பார்த்தான். பிறகு இன்ஜின் மூடியைத் தூக்கினான். வலதுபுறம், புத்தம் புதிதாக, ஒரு செப்புக் குழாய் வளைந்து போனது.

"ஹெட்மாஸ்டர்கிட்ட வத்தி வெச்சுடாதீங்க," என்று குரலைத் தாழ்த்தினான்.

"எதை?"

"இது இங்க இருந்ததே இல்லை. அசல் குழாய் இடது பக்கம்தான். சதுப்புல விழுந்தப்ப இடது பக்கம் அப்பளமா நொறுங்கிடுச்சு. ஒரு பிடிமானம்கூட மிச்சமில்லை. அதனால மூணு வருஷத்துக்கு முன்னால நான்தான் வலது பக்கமா மாத்திக் கொண்டுபோனேன். டெய்லரம்மாவுக்குத் தெரியும், அவங்கதான் குழாய்க்கு இடம் விட்டுத் துணியைத் தைச்சுக் கொடுத்தாங்க. பெரியவருக்குச் சொல்லல. அசல் மாதிரி இல்லன்னா குதிகுதின்னு குதிப்பார். அவர் காகிதத்து ஆளு. மூடியைத் திறந்து பார்த்தாலும் எது அசல்னு தெரியாது."

ரேடியோ மனசுக்குள் கணக்குப் போட்டான். ஐம்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் எழுதிய தாளில், மூன்று வருஷத்துக்கு முன்னால் வைத்த குழாய்.

"மேடம், அப்போ அந்தத் தாளை எழுதினவன்…"

"இந்த விமானத்தைப் பார்த்து எழுதியிருக்கான். அந்த விமானத்தைப் பார்த்து இல்ல. இவர் எழுதியிருந்தா இடதுன்னு எழுதியிருப்பார். டெய்லரம்மாவும் இடதுன்னுதான் எழுதியிருப்பாங்க. குழாய் மாறினது தெரியாத ஒரே ஆள் இங்க யாரு?"

லேத்து மூடியை மெதுவாக இறக்கினான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கொட்டகையின் மறுகோடியைப் பார்த்தார்கள். அங்கே, ஆவண அறையின் திறந்த கதவுக்குப் பின்னால், ஹெட்மாஸ்டர் கேசட்டுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அசல் தாளை எரிச்சிருப்பார் மேடம். எப்படி நிரூபிக்கறது?"

"அவரா? துருப்பிடிச்ச போல்ட்டுக்கு உன்னை அடிக்க வந்தவரா எரிப்பார்? நீ போய் டெய்லரம்மாவைக் கூட்டிட்டு வா."

*

மேடம் கேட்டது பொருள் பதிவேட்டை மட்டும்தான். ஹெட்மாஸ்டர் தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தார். மேடம் நேராகக் கடைசி வரிக்குப் போய் விரலை வைத்தார்.

"திங்கட்கிழமை பதிவு. எண் ஆயிரத்து இருநூத்தி ஆறு. ஒற்றைத் தாள், எண்ணெய்க் கறை, நிலை நன்று. இரும்பு அலமாரி, மூணாம் தட்டு, ஒன்பதாம் உறை. உங்க கையெழுத்துதானே சார்?"

ஹெட்மாஸ்டர் பதிவேட்டை மூடப் போனார். மேடம் விரலை எடுக்கவில்லை.

"மறைக்க முடிஞ்சுது உங்களால. பதியாம இருக்க முடியல," என்றார் மேடம்.

ஹெட்மாஸ்டர் சாவியை எடுத்தார். அலமாரியைத் திறந்தார். உறையை மேஜைமேல் வைத்துவிட்டு, தண்டனைக்கு நிற்கும் மாணவன் மாதிரி தள்ளி நின்றார்.

மஞ்சளேறிய தாள். மேலே சின்னச் சின்ன எழுத்தில்: 'காலை 6.10. இடக்குழாயில் கசிவு. மாற்றும் வரை பறக்கக் கூடாது.' அதற்குக் கீழே, வேறு மையில், சாய்ந்த பெரிய எழுத்தில்: 'படித்தேன். கடலுக்குப் போன படகு ஒன்று திரும்பவில்லை, தேட வேண்டும். தெரிந்தே எடுத்துச் செல்கிறேன். பொறுப்பு என்னுடையது. 6.25.' விமானியின் கையெழுத்து.

"அந்தப் படகு…" என்றார் ஹெட்மாஸ்டர். "அவர் கிளம்பறதுக்கு முன்னாடியே அது வேற கரையில ஒதுங்கியிருந்தது. ஆறு பேரும் பத்திரமா இருந்தாங்க. தகவல் வர நேரமாயிடுச்சு. சும்மா போய்ச் செத்தார் அந்த மனுஷன். அவரோட தங்கச்சி ஞாயித்துக்கிழமை கல்வெட்டைத் திறக்க வர்றாங்க. இத்தனை வருஷம் ஒரு மெக்கானிக்கைத் திட்டி மனசை ஆத்திக்கிட்ட அம்மா. அவங்க கையில இதை எப்படிக் கொடுக்கறது? சனிக்கிழமை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்த் தாளைப் பிரிச்சேன். படிச்சதும் ரெண்டு நாள் தூங்கல. அதே ஏட்டோட முன்பக்கத்துல இருந்த வெத்துத் தாளைப் பிரிச்செடுத்து நானே எழுதினேன். அசல்ல இடதுன்னு இருந்தது; இங்க மூடியைத் திறந்து பார்த்தா குழாய் வலது பக்கம், அவர்தான் தப்பா எழுதிட்டார்னு நெனச்சு வலதுன்னு போட்டேன். மேஜைமேல கிடந்த நூலை எடுத்துத் தைச்சேன். யாருக்கும் கெடுதல் இல்லன்னு நெனச்சேன். அந்த மெக்கானிக்தான் எப்பவோ போய்ச் சேர்ந்தாச்சே…"

"எங்கப்பா இன்னிக்குக் காலையிலகூட தானே ஷேவ் பண்ணிக்கிட்டார் சார்."

கதவருகே டெய்லரம்மா நின்றிருந்தாள். பின்னால் ரேடியோ, வாயை மூடிக்கொண்டு.

ஹெட்மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். புரிந்ததும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"நீ… ஆறு வருஷமா என் எதிர்ல உட்கார்ந்து தைச்சுக்கிட்டு இருந்தியேம்மா. ஒரு வார்த்தை சொல்லலையே?"

"எங்கப்பா பேரைச் சொல்லியிருந்தா உள்ள விட்டிருப்பீங்களா சார்? அவர் விசாரணையில எழுதி வெச்சேன், எழுதி வெச்சேன்னு கத்தினாராம். ஏடு எங்கடான்னாங்க. அதோட சரி. அந்த ஏடு ஒரு நாள் கிடைக்கும்னுதான் நான் இங்க வந்தேன். கிடைச்சப்ப உங்களுக்கு முன்னாடி சந்தோஷப்பட்டவ நான்தான்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று ரேடியோவுக்குத் தோன்றியது. ஹெட்மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு ஃபோனை இழுத்து, மனப்பாடமாகத் தெரிந்த ஓர் எண்ணைச் சுழற்றினார்.

"அம்மா, நான்தான் பேசறேன். உங்க அண்ணன் எழுதினது ஒண்ணு என்கிட்ட இருக்கு. நான் ஒளிச்சு வெச்சிருந்தேன். படிக்கறேன், கேளுங்க."

இரண்டு பேர் எழுதியதையும் ஒரு எழுத்து விடாமல் படித்தார். படகைப் பற்றியும் சொன்னார். அப்புறம் அந்த அம்மாவின் குரல் ரிசீவரைத் தாண்டி எல்லோருக்கும் கேட்டது.

"அந்த மெக்கானிக் வீடு எங்க இருக்கு?"

*

சாயங்காலம் வெயில் தாழும் நேரத்தில் டாக்ஸி அந்தத் தெருவில் நின்றது. விமானியின் தங்கைக்கு எழுபது வயது. மேடத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வாசலில் இருந்த பெரியவர் எழுந்து நின்றார். வந்தவரின் முகத்தைப் பார்த்ததும் எண்ணெய்க் குப்பி கையிலிருந்து நழுவியது. அண்ணனின் ஜாடை அப்படியே இருந்தது.

டெய்லரம்மா தாளை அவர் கையில் கொடுத்தாள். பெரியவர் அதை வெளிச்சத்துக்குப் பிடித்தார். ஐம்பத்து மூன்று வருஷமாக எவரும் நம்பாத தன் வரியைத்தான் அவர் முதலில் தேடுவார் என்று ரேடியோ நினைத்தான். அவரோ அதைத் தாண்டிப்போய்க் கீழ் வரியில் நின்றார்.

"படித்தேன்," என்று உதடுகள் அசைந்தன. மறுபடியும், "படித்தேன்."

"என்னப்பா?"

"படிச்சாரா? படிச்சுட்டுத்தான் போனாரா?" பெரியவர் மகள் பக்கம் திரும்பினார். "புதுக் குழாய் எடுக்க நான் ஸ்டோருக்கு ஓடினேன்மா. ஏட்டை இறக்கை மேல வெச்சுட்டு ஓடினேன். திரும்பறதுக்குள்ள இன்ஜின் சத்தம், ஏட்டையும் காணோம். எவன்கிட்டயோ கொடுத்து ஸ்டோருக்கு அனுப்பியிருக்கார் போல. பார்க்காமப் போயிட்டார்னுதான் இன்னிவரைக்கும்… நான் ரெண்டு நிமிஷம் நின்னு அவர்கிட்ட வாயால சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதான்னு எத்தனை நாள் தலையில அடிச்சுக்கிட்டு இருக்கேன் தெரியுமா?"

துரத்திவிட்டவர்கள் மீது அவருக்குக் கோபம் இருந்ததாகவே தெரியவில்லை. இத்தனை வருஷமும் அவர் தன்மீதுதான் வழக்குப் போட்டிருந்தார்.

விமானியின் தங்கை முன்னால் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கம்மா சாகற வரைக்கும் உங்களைச் சபிச்சாங்க. நானும்தான். அந்தக் கல்லுல உங்க பேரும் நீங்க எழுதின வரியும் இல்லாம நான் திறக்க மாட்டேன்."

"கல் கிடக்கட்டும், உட்காரும்மா," என்றார் பெரியவர், கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு. "அன்னிக்குக் காலையில, நான் கசிவைப் பார்க்கறதுக்கு முன்னாடி, உங்கண்ணன் என்கிட்ட என்னவெல்லாம் பேசினார்னு உன்கிட்ட யார் சொல்லியிருக்கப் போறா? உன்னைப் பத்தியும்தான் பேசினார்."

அந்த அம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

பின்னால் நின்ற ஹெட்மாஸ்டர் தயங்கியபடி பையைத் திறந்து டேப் ரெக்கார்டரை வெளியே எடுத்தார். கேட்கலாமா என்று டெய்லரம்மாவைப் பார்த்தார்.

"இன்னிக்கு வேணாம் சார்," என்றாள் அவள்.

அவர் தலையசைத்து, அதைத் திரும்பப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார். மேடமும் ரேடியோவும் அவருடன் தெருமுனை வரை நடந்தார்கள். பின்னால் பெரியவர் பேசத் தொடங்கியிருந்தார்.